பொது வருமானம் என்று எழுதிய காசு

எங்கள் உதைபந்தாட்டக் கழகம் மூடப்படவில்லை. டீசலுக்கும் எரிவாயுவுக்கும் ஊரே வரிசையில் நின்ற அந்தக் காலத்தில், திருகோணமலையில் எங்களைவிடப் பெரிய கழகங்கள்கூடப் பெயர்ப்பலகையைக் கழற்றி வைத்துவிட்டன. நாங்கள் தப்பினோம். அதற்கு நான்தான் காரணம் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால், இவர் இல்லாவிட்டால் கழகம் எப்போதோ போயிருக்கும் என்று பக்கத்தில் நிற்பவருக்கு அறிமுகம் செய்கிறார்கள். நான் சிரித்துவிட்டுச் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்துவிடுவேன். கழகம் எப்படித் தப்பியது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதென்றால் எங்கள் பெண்கள் அணியில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் உட்துறைமுக வீதியில், வள்ளங்களுக்குக் கயிறும் வலையும் பெயின்டும் விற்கும் கடையொன்றில் கணக்கு எழுதுகிறவன். இளம் வயதில் கழகத்துக்காகப் பின்வரிசையில் விளையாடினேன். முழங்கால் போன பிறகு, கணக்குத் தெரிந்தவன் என்று என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள். அதன்பின் எந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் அந்தப் பதவிக்கு வேறு யாருடைய பெயரும் வரவில்லை. கழகத்துக்கென்று இருந்தவை துறைமுகத்தடியில் ஒரு வாடகை அறை, கிண்ணங்கள் அடுக்கிய ஓர் அலுமாரி, கொஞ்சம் பிளாஸ்டிக் கதிரைகள். மைதானமும் வாடகைதான்.

பெண்கள் அணியைத் தொடங்கியவர் ஒரு விளையாட்டு ஆசிரியை. நாங்கள் எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டோம். கழகத் தலைவர் துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சர் முதல்முறை நிர்வாகசபைக் கூட்டத்துக்கு வந்து கேட்டபோது, பிள்ளைகள் வருவார்களா என்று அவர் சந்தேகப்பட்டார். அடுத்த வாரம் மைதானத்தில் ஒரு முழு அணியும் மேலதிகமாக ஏழெட்டுப் பேரும் நின்றார்கள். பெரும்பாலும் கடற்கரைத் தெருக்களின் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டு பேர் கிண்ணியாவில் இருந்து பாலம் தாண்டி பஸ்ஸில் வந்தார்கள், தலையில் முக்காடும் நீளக் காற்சட்டையுமாக. அந்த இருவரின் தகப்பன்மாரையும் டீச்சர் வீட்டுக்கே போய்ச் சந்தித்துக் கதைத்திருந்தார். பயிற்சி முடிந்ததும் நானே பஸ்ஸில் ஏற்றிவிடுவேன் என்று அவர் கொடுத்த வாக்கில்தான் அவர்கள் அனுப்பினார்கள். ஒருநாளும் அவர் அந்த வாக்கைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

அணித் தலைவி கடலுக்குப் போகும் ஒருவரின் மகள். பதினெட்டு வயது. மெலிந்த பிள்ளை, ஆனால் பந்தை அடித்தால் கோல் காப்பாளர் கையைச் சுருக்கிக்கொள்வார். அவளுடைய தாய்தான் மேசையைத் தொடங்கினார்.

மேசை என்று நாங்கள் சொன்னது ஆண்கள் அணியின் ஆட்டங்கள் நடக்கும் நாட்களில் மைதான வாசலில் போட்ட சாப்பாட்டு மேசையை. பெண் பிள்ளைகள் வெளியூர் ஆட்டத்துக்குப் போக வான் பிடிக்கக் காசு இல்லையென்று, அந்தத் தாய் முதலில் ஒரு சட்டி ரோல்ஸுடன் வந்து நின்றார். பிறகு மற்றத் தாய்மாரும் சேர்ந்தார்கள். பற்றிஸ், அவித்த கடலை, இஞ்சி போட்ட பிளேன்ரீ. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வாங்கினார்கள். ஆட்டம் முடிய, டீச்சர் காசை எண்ணி, ஒரு துண்டில் தொகையை எழுதி என்னிடம் தருவார். நான் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுப்பேன். கணக்குப் புத்தகத்தில் அதைப் பொது வருமானம் என்று பதிவேன்.

அப்படிப் பதிந்ததில் ஆரம்பத்தில் எந்தக் கெட்ட எண்ணமும் இருக்கவில்லை. எங்கள் புத்தகத்தில் பெண்கள் அணிக்கென்று செலவுப் பக்கம் ஒன்று இருந்தது. வரவுப் பக்கம் இருக்கவில்லை. அவர்கள் காசு கொண்டு வருவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

பிறகுதான் கஷ்டகாலம் வந்தது. மாதச் சந்தா கட்டியவர்களில் பாதிப் பேர் நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைக் கேட்கவும் முடியாது. கேட்கப் போனால் வீட்டில் பால்மா இல்லை என்று கதை தொடங்கும். எங்களுக்கு அனுசரணை தந்துகொண்டிருந்த கட்டடப் பொருள் வியாபாரி, கடையில் சீமெந்தே இல்லை, உங்களுக்கு என்னத்தைத் தாறது என்று மன்னிப்புக் கேட்டார். ஒரு பந்தின் விலை மூன்று பந்தின் விலையானது. தோப்பூருக்கு ஆட்டத்துக்குப் போக வான்காரர் கேட்ட தொகையைக் கேட்டுத் தலைவர் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டார்.

மேசை மட்டும் நிற்கவில்லை. கோதுமை மா விலையேறியதும் தாய்மார் ரோல்ஸை விட்டுவிட்டு மரவள்ளிக்கிழங்கை அவித்துச் சம்பலோடு கொண்டு வந்தார்கள். விறகில்தான் சமையல். மண்ணெண்ணெய் இல்லாமல் அவர்களுடைய வீட்டு வள்ளங்களே கரையில் கிடந்த காலம் அது. ஆனாலும் முன்னரைவிட அதிகமாக விற்றது, ஏனென்றால் மைதானத்துக்கு வந்தவர்கள் பசியோடு வந்தார்கள். அந்த மாதங்களில் கழகத்துக்கு ஒழுங்காக வந்த ஒரே வருமானம் அதுதான். சபையில் அதைக் கண்ட ஒரே ஆள் நான்.

ஒரு ஞாயிறு பின்னேரம் நிர்வாகசபை கூடியது. மின்வெட்டு. அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வியர்வையில் இருந்தோம். இரண்டு அணியையும் வைத்திருக்க ஏலாது என்று தலைவர் சொன்னார். எதை நிறுத்தலாம் என்று அடுத்த கூட்டத்துக்கு ஓர் அறிக்கை எழுதிக்கொண்டு வரச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். எதை நிறுத்துவது என்று அந்த அறையில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அதற்கு ஒரு தாள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வருடம் என் மகன் ஆண்கள் அணியில் விளையாடினான். இருபத்திரண்டு வயது. மாவட்ட அணிக்குத் தெரிவாளர்கள் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஏழெட்டு ஆட்டம் நல்லபடியாக ஆடினால் அவனை எடுப்பார்கள் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். ஆண்கள் அணி நின்றால் அந்த ஆட்டங்கள் இல்லை.

அறிக்கையை வீட்டில் குசினியில், மரக்கறி வெட்டும் மேசையில் வைத்து எழுதினேன். ஆண்கள் அணிக்கு ஒரு தாள், பெண்கள் அணிக்கு ஒரு தாள். மைதானத்தில் வந்த வருமானம் முழுவதையும் ஆண்கள் அணியின் தாளில் போட்டேன், அவர்களுடைய ஆட்டங்களில்தானே சேர்ந்தது என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டு. பெண்கள் அணியின் தாளில் செலவு மட்டுமே இருந்தது. மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தவள் தாள்களைப் பார்த்தாள். அவளும் சில நாட்களில் அந்த மேசையில் நின்று விற்றிருக்கிறாள்.

"அந்தத் தாய்மார் தந்த காசு எங்க?" என்று கேட்டாள்.

"அது பொதுவில இருக்கு."

"பொது எண்டா எப்படி? அந்தப் பிள்ளையளுக்கெண்டுதானே அவை சமைச்சவை?"

நான் அடுத்த வரியை எழுதினேன். மகனுடைய உதைபந்தாட்டச் சப்பாத்து வாசலில் கிடந்தது. அவளும் அதைப் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். மேலே ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். அவள் இன்னும் ஒருமுறை கேட்டிருந்தால் அழித்து எழுதியிருப்பேன் என்று நெடுங்காலம் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பழியை அவள் தலையில் கட்டுகிற வேலைதான்.

அடுத்த கூட்டத்தில் அறிக்கையை வாசித்தேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. பெண்கள் அணியை ஒரு வருடத்துக்கு மட்டும் நிறுத்தி வைப்பது என்று தீர்மானம். ஒரு வருடம் என்ற சொல் எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது. டீச்சருக்கு நான் அறிவிப்பதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மைதானத்துக்குப் போனேன். பிள்ளைகள் பயிற்சிக்கு முன் ஓடிக்கொண்டிருந்தார்கள். டீச்சரை ஒருபக்கம் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் வரவில்லை.

"எவ்வளவு காணாது அண்ணை?" என்று கேட்டார்.

குறைகிற தொகையைச் சொன்னேன். அதைத் தாய்மாரோடு கதைத்துச் சேர்த்துத் தரலாம், இரண்டு மாதம் தாருங்கள் என்றார். நான் அவசரமாக, இது காசுப் பிரச்சினை மட்டுமில்லை, டீசல் இல்லை, வான் இல்லை, சபை முடிவெடுத்துவிட்டது என்று அடுக்கிக்கொண்டு போனேன். அவர் என்னை முழுதாகச் சொல்லி முடிக்க விட்டார்.

"சரி. அப்ப பிள்ளையளிட்ட நீங்களே சொல்லுங்கோ. என்னால ஏலாது."

விசிலை ஊதிப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். அவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து அரைவட்டமாக நின்றார்கள். நான் சொன்னேன். ஒருவரும் அழவில்லை. கிண்ணியாப் பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தங்களுக்கு இந்த ஒரு வருடம் ஒரு வருடமாக இருக்காது, பிறகு வீட்டில் விடமாட்டார்கள் என்று அவர்களுக்கு உடனே விளங்கியிருக்க வேண்டும். அணித் தலைவிதான் கேட்டாள்.

"பந்து ரெண்டையும் நாங்கள் வைச்சிருக்கலாமா சேர்? கடற்கரையில அடிக்கலாம்."

கழகச் சொத்து, திருப்பித் தர வேண்டும் என்றேன். அப்படி ஒரு விதி இருந்ததா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. ஆண்கள் அணிக்குப் பயிற்சிப் பந்து குறைவாக இருந்தது. அது மட்டும் மனதில் இருந்தது. அவள் மறுபேச்சில்லாமல் இரண்டையும் வலைப் பையில் போட்டுக் கொண்டுவந்து தந்தாள். அதை மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அறிக்கையில் செய்ததை நினைத்துக் கவலைப்படாத நாட்கள் உண்டு. இந்தப் பந்து விஷயத்தை அப்படிக் கடந்துபோக என்னால் முடிந்ததில்லை.

பிள்ளைகள் இல்லாமல் தாய்மார் ஏன் வரப்போகிறார்கள்? அடுத்த ஆட்டத்தில் மேசை இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. இரண்டு மாதத்தில் கழகத்தின் நிலைமை முன்னரைவிட மோசமானது. மைதான வருமானம் ஏன் இப்படி விழுந்தது என்று தலைவர் கூட்டத்தில் கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சனத்திடம் காசில்லை என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அது பொய்யென்று யாரும் சொல்லியிருக்கவும் முடியாது.

பிறகு நடந்ததைத்தான் ஊர் என் திறமை என்று சொல்கிறது. அறையில் பாதியைத் தொலைபேசி திருத்தும் ஒருவருக்கு வாடகைக்குக் கொடுத்தேன். கனடாவிலும் லண்டனிலும் இருந்த பழைய வீரர்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினேன். அவர்களில் சிலர் மாதாமாதம் காசு அனுப்பினார்கள். கிண்ணியாவில் நடந்த ஓர் ஆட்டத்துக்குப் பெடியன்கள் எல்லோரும் சைக்கிளில் பாலம் தாண்டிப் போனார்கள். போட்டிக்கு அழைத்த கழகத்தார், சைக்கிளில் வந்தவர்களைத் தோற்கடித்துவிட்டு வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாதென்று சோறு சமைத்துப் போட்டார்கள். மகன் வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னான். நானும் சிரித்தேன். எங்கள் அணியில் இருந்த இரண்டு பிள்ளைகளின் வீடும் அந்தப் பக்கம்தான் என்று நினைவு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மகனை மாவட்ட அணிக்கு எடுக்கவில்லை. அடுத்த வருடம் வேலை தேடிக் கட்டாருக்குப் போனான். அங்கே ஒரு களஞ்சியத்தில் வேலை. விளையாட நேரமில்லை என்கிறான்.

விலைவாசி கொஞ்சம் அடங்கி, வெளிநாட்டுக் காசும் ஒழுங்காக வரத் தொடங்கியபோது, கனடாவில் இருந்து ஒருவர் பெண்கள் அணியின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டார். அவருக்கு அங்கே மகள்கள் விளையாடுகிறார்களாம். சபை உடனே பெண்கள் அணியைத் திரும்பத் தொடங்கத் தீர்மானித்தது. அறிவித்தல் போட்டோம். பழைய பிள்ளைகளில் மூன்று பேர் வந்தார்கள். டீச்சர் இதற்கிடையில் தோப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அவரை எப்படியாவது கூட்டி வாருங்கள் என்று என்னை அனுப்பினார்கள்.

பஸ்ஸில் போனேன். மடியில் பழைய கணக்குப் புத்தகம் இருந்தது. அவரைக் கூட்டிவருவதற்கு முன் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அப்போதுதான் துணிவு வந்திருந்தது. மூன்று வருடம் கழித்து. பள்ளிக்கூடம் விட்டு, பிள்ளைகள் போன பிறகு, ஒரு வகுப்பறை வாங்கில் உட்கார்ந்து கதைத்தோம். நான் புத்தகத்தை விரித்து, மேசைக் காசு வந்த ஒவ்வொரு நாளையும் காட்டினேன். அதை முழுதாகக் கூட்டினால் பெண்கள் அணி தன் செலவைத் தானே கட்டி, ஆண்கள் அணியின் மைதான வாடகையிலும் ஒரு பங்கைக் கட்டியிருக்கிறது என்று சொன்னேன். மகனைப் பற்றியும் சொன்னேன்.

அவர் புத்தகத்தைத் தொடவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும் அண்ணை," என்றார். "காசை எண்ணித் தந்தது நான்தானே."

அப்படியென்றால் ஏன் சபைக்கு வந்து கேட்கவில்லை என்று கேட்டேன்.

"நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அண்டைக்கு மைதானத்தில வைச்சுச் சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன். பிறகு மேசை நிண்டுபோன நேரமாவது சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் வந்து கேட்டிருக்க வேணும். எனக்கும் அது பிழைதான். மாற்றல் கடிதமும் அந்த நேரம்தான் வந்தது, களைச்சுப் போனன்," என்றார்.

திரும்பி வர அவர் சம்மதிக்கவில்லை. கோபத்தில் மறுக்கவில்லை. அங்கே அறுவடை முடிந்த வயல்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குவதாகச் சொன்னார். ஈச்சிலம்பற்றுப் பக்கம் இருந்தும் சில பிள்ளைகள் வருகிறார்களாம். அதை விட்டுவிட்டு வர ஏலாது. புதிதாக ஒருவரைப் பிடியுங்கள் என்று ஒரு முன்னாள் மாணவியின் பெயரைத் தந்தார். பஸ் தரிப்பிடம் வரை வந்து என்னை வழியனுப்பினார்.

அந்த வருடப் பொதுக்கூட்டத்தில் நான் திருத்திய கணக்கை வாசித்தேன். பெண்கள் அணியை நிறுத்தியதற்குக் கொடுத்த காரணம் பிழையானது, அந்தப் பிழையைத் தெரிந்தே செய்தவன் நான் என்று எழுந்து நின்று சொன்னேன். என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். பின்வரிசையில் ஒருவர், இப்போது இதை ஏன் கிளப்புகிறீர்கள், கழகம் தப்பிவிட்டதுதானே என்றார். தலைவர், எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு, தனியாக நீங்கள் சுமக்க வேண்டாம் என்று என் தோளைத் தட்டினார். நான் சொன்னதைக் கூட்ட அறிக்கையில் பதியும்படி கேட்டேன். பதிந்தார்கள். பிறகு அடுத்த வருட ஜேர்சியின் நிறம் பற்றி நெடுநேரம் கதைத்தார்கள். நான் பொருளாளர் பதவியில் இருந்து விலகியதைத்தான் பலரும் வருத்தமான விஷயமாக எடுத்துக்கொண்டார்கள்.

மேசையைத் தொடங்கிய அந்தத் தாயிடம் போவதற்கு அதற்குப் பிறகும் சில மாதங்கள் எடுத்தன. ஒரு காலை, மீன் ஏலம் முடிந்து சனம் கலைந்த நேரம், அவர்கள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் கதிரை போட்டார். மகள் எங்கே என்று கேட்டேன். பெண்கள் அணி நின்ற வருடமே கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாளாம். அங்கேயே ஒருவரைக் கல்யாணம் முடித்து, ஒரு பிள்ளையும் இருக்கிறது. கிண்ணியாப் பிள்ளைகள் இருவருக்கும் கல்யாணமாகிவிட்டது என்று மகள் சொன்னாளாம். மகள் இப்போதும் பந்து விளையாடுகிறாளா என்று கேட்க வாயெடுத்துக் கேட்காமல் விட்டேன்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கு, பொது வருமானம் என்ற சொல், அறிக்கை, பந்துகள். அவர் இடையில் ஒருமுறை எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார். நான் முடித்ததும் எதையோ நினைத்துக்கொண்டவர் போல் சொன்னார்.

"உங்களைப் பற்றி மகள் நல்லாத்தான் சொன்னவள். மற்றவை எண்டா அணியை நிப்பாட்டினதை ஆக்களிட்டச் சொல்லி அனுப்பியிருப்பினம், அந்த சேர்தான் தானா வந்து எங்கட முகத்தைப் பாத்துச் சொன்னவர் எண்டவள்."

"நானா வரேல்லை," என்றேன். "டீச்சர்தான் என்னைச் சொல்லச் சொன்னவ."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "அவளிட்ட இதைச் சொல்ல மாட்டன்," என்றார். பிறகு வேலை கிடக்கிறது என்று எழுந்தார். நானும் எழுந்தேன். வாசல் படலை வரை வந்தவர், மீன் வேண்டுமா, இன்றைக்குக் கீரி மீன் மலிவு என்று கேட்டார். வாங்கிக்கொண்டு வந்தேன்.